நாக்குக்குப் பழகிய பெயர்

ஆஸியா பீவி என் பக்கத்து வீட்டுக்காரர். திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி சுவர் வழியாகக் கேட்டது. ஒட்டுக்கேட்டாயா என்று யாராவது கேட்டால், கேட்டேன் என்றுதான் சொல்வேன். கெட்ட சேதியை எல்லாம் ஊர் ஒட்டுக்கேட்கிறது. நல்ல மனுஷியைப் பற்றி நான் ஒட்டுக்கேட்டால் குடி முழுகிவிடாது.

நான் போலகம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பொறுமை என்பது எனக்குக் கிடையாது. விதையைப் போட்ட மறுநாளே முளைத்ததா என்று மண்ணைக் கிளறிப் பார்க்கிற ரகம். ஆஸியாக்காவும் முதலில் என் ரகம்தான். அப்புறம் மாறினார். எப்படி மாறினார், மாறி என்ன ஆயிற்று என்பதை எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது.

அவருக்குக் கல்யாணமான வருஷமே கணவர் காதர் பாட்சா சவுதிக்குப் போய்விட்டார். தம்மாமில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், பெட்டியைத் திறப்பார், சொந்தக்காரர்களுக்குப் பங்கு பிரிப்பார், பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவார். ஒரே மகள் நஜீபா. அவள் பிறந்தது, காது குத்தியது, குர்ஆன் ஓதி முடித்தது, பத்தாவது பாஸானது எல்லாமே அவருக்கு போனில் வந்த சேதிதான். கல்யாணமான வருஷங்களில் சேர்ந்து இருந்த மாதம் எத்தனை என்று ஒருநாள் நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். "அது கூட்டிப் பாக்குற கணக்கு இல்ல டீச்சர், விட்டுடுங்க" என்று என் விரலை மடக்கிவிட்டார் ஆஸியாக்கா.

மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அந்த மனிதரிடம் இல்லை. புதுசில் "இந்தா" என்பார். மகள் பிறந்த பிறகு "நஜீபாம்மா". அக்காவும் கணவர் பெயரைச் சொல்லமாட்டார். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டால் கார்டையே நீட்டிவிடுவார். இதெல்லாம் அந்த வீட்டில் யாருக்கும் குறையாகத் தெரிந்ததில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், போதும் என்று பாட்சா பாய் முழுசாக வந்துவிட்டார். பெட்டி பரணுக்குப் போயிற்று. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சொந்தக்காரர் வீட்டுக்கு, கடைத்தெருவுக்கு என்று சேர்ந்து கிளம்புவார்கள். அவர் முன்னால், இவர் நாலடி பின்னால். கண்ணேறு படாமல் இருக்கட்டும் என்று நான்கூட நினைத்துக்கொண்டேன். என் நினைப்பு என்றைக்குப் பலித்திருக்கிறது. அந்த ஐப்பசி மழை விடுவதற்குள், ஒரு காலையில் டீ கிளாஸை எடுக்கப் போனவருக்குக் கை போகவில்லை. "என்னங்க?" என்று அக்கா கேட்டார். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கால் தப்பித்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. புத்தி மட்டும் முன்னைப்போலவே தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை. எதிரில் இருப்பவர் யார், என்ன கேட்கிறார், தான் என்ன சொல்லவேண்டும், எல்லாம் தெரியும். தொண்டைக்கு மேலே மட்டும் எதுவும் ஏறாது. தண்ணீர் வேண்டும் என்பதற்கு வாயைக் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் தொடையில் அடித்துக்கொள்வார். ஆனால் தொழுகையில் உட்கார்ந்தால் குர்ஆனின் அல்ஹம்து சூரா தடங்கலில்லாமல் வரும். முதல் தடவை அது காதில் விழுந்ததும் அக்கா அடுப்பை அணைக்காமல் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து சொல்லி அழுதார். சிறு வயதிலிருந்து மனப்பாடமானது மூளையில் வேறு பக்கமாக வருமாம், அதை வைத்துப் பேச்சு திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாதாம். அது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதுவரைக்கும் அந்த வீட்டில் நடந்தது பரீட்சை. நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஆப்பிள் பையைக் கீழே வைத்த கையோடு ஆரம்பித்துவிடுவார்கள். நான் யாரு, சொல்லு பாப்போம். இவ யாரு, எங்க, சொல்லு. ஓதத் தெரியுதுல்ல, பேச மட்டும் ஏன் வரல. அந்த மனிதர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆப்பிள்களை எடுத்து ஒவ்வொருவர் வாயிலும் அடைத்திருப்பேன். ஆனால் எல்லோரையும்விட மோசமாகப் பரீட்சை வைத்தவர் ஆஸியாக்காதான். அவர் கேள்வி கேட்கமாட்டார். காலையில் எதிரில் உட்கார்ந்து, இன்றைக்கு ஒரு வார்த்தை வருமா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வராது. அக்காவின் கண் நிறையும். அதைப் பார்த்து இவர் தலையைத் திருப்பிக்கொள்வார். தினமும் இதுவே நடந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் மதிவதனி. சின்ன வயசுதான், கண்டிப்பான குரல். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூட்டிவரச் சொல்லியிருந்தார். ஒரு தடவை துணைக்கு நானும் போயிருந்தேன். எப்போது பேச்சு வரும், எத்தனை மாசம் ஆகும் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, அவங்க வார்த்தையத் தேடும்போது யாரப் பாக்குறாங்க தெரியுமா? உங்க மொகத்த. அது வாடுனா, தேடுன வார்த்தையும் உள்ளயே போயிடுது. பேச்சு வருதா வரலையாங்கிற கணக்க நான் பாத்துக்குறேன். நீங்க அன்னன்னிக்கிப் பயிற்சிய முடிச்சிட்டு எந்திரிங்க. அவ்வளவுதான் உங்க வேல."

இதையே நான் சொல்லியிருந்தால் அக்கா தலையாட்டிவிட்டு மறந்திருப்பார். மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டுச் சத்தமே மாறிவிட்டது.

முதலில், வருகிறவர்களிடம் "சொல்லு பாப்போம்னு யாரும் கேக்கக்கூடாது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். மனஸ்தாபப்பட்டுக்கொண்டு சிலர் வருவதை நிறுத்தினார்கள். ஆப்பிள் செலவு மிச்சம் என்று போகட்டும். பிறகு பயிற்சி. காலை வெயில் ஏறுவதற்குள் ஒரு முறை, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு முறை. டம்ளர் தண்ணீரில் குழல் போட்டு ஊதிக் குமிழி விடவேண்டும். வாயைப் பெரிசாகத் திறந்து ஆ, குவித்து ஊ, உதட்டை ஒட்டிப் பிரித்து ப, ம. அக்கா எதிரில் உட்கார்ந்து முதலில் தான் செய்து காட்டுவார், அவர் அக்காவின் உதட்டைப் பார்த்துச் செய்வார். பக்கத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ராகம் போட்டு இழுத்தால் வார்த்தை எளிதாக வரும் என்று மதிவதனி சொன்னதால், "தண்...ணி, தண்...ணி" என்று தாலாட்டு மாதிரி இழுப்பார். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, முகத்தில் ஒரு மாற்றமும் காட்டமாட்டார். நேரம் முடிந்ததும் "ஆச்சு" என்று எழுந்து மீன் கழுவப் போய்விடுவார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. தினமும் சுவரை எட்டிப் பார்த்து என்ன வந்தது என்று கேட்பேன். "பண்ணியாச்சு டீச்சர்" என்பார். வந்ததா என்றால், "பண்ணியாச்சு." இத்தனைக்கும் பரீட்சைத் தாளில் விடை தப்பாகப் போனாலும் ஸ்டெப்புக்கு மார்க் போடுகிறவள் நான். பள்ளிக்கூடத்து வாசலோடு அந்த நியாயத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிடுகிறேன் போலிருக்கிறது.

தை பிறந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம் குழம்பு ஊற்றப் போன அக்காவின் கையைத் தடுத்து, அவர் "வேணாம்" என்றார். சாதாரணமாக, எல்லா ஆண்பிள்ளைகளும் சொல்கிற மாதிரி. அக்கா கரண்டியோடு அப்படியே நின்றிருக்கிறார். அழவில்லை, சிரிக்கவில்லை. "சரி, மோரு ஊத்திக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குள் போய்த்தான் உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு டீ, தண்ணி, போ, வா, வலி என்று ஒவ்வொன்றாக வந்தன. பரீட்சை வைத்த காலத்தில் ஒன்றுகூட வராதவருக்கு, யாரும் கேட்காத நேரமாகப் பார்த்துப் பார்த்து வந்தன. மதிவதனிக்கே ஆச்சரியம். இந்த வேகம் எல்லோருக்கும் வராது, அப்படியே போகட்டும் என்றாராம்.

அந்த வைகாசியில் நஜீபாவுக்குச் சம்பந்தம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை முகம்மது இப்ராஹிம் தூரத்து உறவு, காரைக்காலில் மருந்துக்கடை. நல்ல பையன். பாய்க்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க, பிரஷர் பார்க்க என்று வாரத்தில் பாதி நாள் இந்த வீட்டு வாசலில்தான் இருப்பான். அடுத்த வருஷம் நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று தேதி குறித்தார்கள்.

அந்த வழக்கத்தைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது. நிக்காஹில் பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சபையில் எல்லோரும் கேட்க, "என் மகள் இன்னாரை, பேசிய மஹருக்கு, உமக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்" என்று சொல்லவேண்டுமாம். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற பணம். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்பார். அதோடு கல்யாணம் ஆயிற்று. தகப்பனால் முடியாவிட்டால் இன்னொருவரைப் பொறுப்பாக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. பாயின் தம்பி காஜா நஜ்முதீன் தேதி குறித்த அன்றே, நானா என்று கூப்பிடும் தன் அண்ணனிடம், "நானா, நீங்க தலையாட்டுனா போதும், நான் சொல்லிக் குடுத்துடுறேன்" என்று சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். பாட்சா பாய் இடது கையால் தன் நெஞ்சைத் தட்டினார். "நா... நான்" என்றார். தம்பி மறுபடியும் சொன்னார். "நான்."

பெற்ற மகளுக்கு எதையும் பக்கத்திலிருந்து செய்யாத மனிதர் அவர். இந்த ஒன்றையாவது தன் வாயால் செய்துவிடவேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை.

இங்கேதான் ஆஸியாக்கா பிடிவாதம் ஒன்று பிடித்தார். அந்த வாக்கியத்தை மட்டும் பயிற்சியில் சேர்க்கமாட்டேன் என்றார். நிக்காஹ் வார்த்தையை விளையாட்டுக்குச் சொன்னாலும் அது நிஜமாகிவிடும் என்று அவர் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவர். மாப்பிள்ளைப் பையனோ எந்த நேரம் வாசலை மிதிப்பான் என்று சொல்ல முடியாது. பாய், மகள் பெயரைப் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் உள்ளே வந்து, கூட நாலு பேரும் இருந்து தொலைத்தால்? கொழுந்தன் சிரித்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டுவந்தார். மாப்பிள்ளை ஏற்றுக்கொள்ளாமல், சாட்சிகள் இல்லாமல் வீட்டுக்குள் பழகிப் பார்ப்பதில் ஒரு தோஷமும் இல்லை என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார். "அவங்க ஓதுனவங்க, அவங்களுக்குச் சரி. எனக்கு மனசு ஒப்பல" என்றார் அக்கா. மதிவதனியும் ஒரு தடவை, வாக்கியத்தைப் பார்க்காதீங்க, ஒவ்வொரு சத்தமாப் பாருங்க என்று சொல்லியிருந்தார். இரண்டும் ஒத்துப்போகிறது என்று அக்காவுக்கு ஒரு தைரியம்.

அதனால் வாக்கியத்தை உடைத்துத் துண்டு துண்டாகப் பழக்கினார். "என் மகள்" ஒரு நாள். "பேசிய மஹருக்கு" ஒரு வாரம், அந்த ஹ வராமல் உயிரை எடுத்தது. "நஜீபா" தனியாக. அது மணி மாதிரி வந்தது. துண்டுகள் எல்லாம் வந்தன. ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. நாள் நெருங்க நெருங்க பாய் பொறுமை இழந்தார். முழுசாகச் சொல்லவேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பெயர் வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்ல வைத்துப் பார்த்தார் அக்கா. அந்த இடம் வந்ததும் நின்றுவிடுவார், அதற்கு மேல் ஓடாது. அங்கே ஏதாவது ஒரு பெயர் வேண்டியிருந்தது. வேறு யார் வீட்டுப் பெண் பெயரைச் சொன்னாலும் பாவம்.

"எம் பேரப் போட்டுக்குங்க" என்றார் அக்கா. "எனக்கு நிக்காஹ் ஆயி எத்தனையோ வருஷம் ஆச்சு. எம் பேரச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது. அன்னிக்கி மட்டும் அந்த எடத்துல புள்ள பேர மாத்திக்கலாம்."

அன்று நான் அங்கே இருந்தேன். கொழுக்கட்டை கொடுக்கப் போனவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். அக்கா வாயைத் திறந்து தன் பெயரைத் தானே இழுத்துச் சொல்லிக் காட்டினார். பாய் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆ...ஸியா" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்ட மாதிரி இருந்தது. அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பால் பொங்குதுன்னு நினைக்கிறேன் என்று உள்ளே போனார். அடுப்பில் பால் எதுவும் இல்லை. கொழுக்கட்டைத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பெயரைப் போட்ட பிறகு வாக்கியம் ஒட்டிக்கொண்டது. காலையில் சுவருக்கு அந்தப் பக்கம், சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம், "என் மகள் ஆஸியாவை" என்று கேட்கும். நானும் நஜீபாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். வர வர அவர் குரலில் ஒரு நிமிர்வு வந்தது. கடைசி வாரத்தில் மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாகச் சொன்னார். மதிவதனியிடம் அக்கா இதைச் சொல்லவில்லை. படித்த பெண், நம்மைப் பைத்தியம் என்று நினைக்கும் என்று கூச்சம். சொல்லியிருந்தால் அந்தப் பெண் தலையில் கை வைத்திருப்பார். நாக்குக்குத் தினமும் எதைக் கொடுக்கிறோமோ அதுதான் அதற்குத் தெரியும் என்று சொல்லியிருப்பார். வாய்ப்பாட்டைத் தப்பாகப் பழகிய பிள்ளை பரீட்சையில் தப்பாகத்தான் சொல்லும் என்பது எனக்கும் தெரிந்ததுதானே, எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

நிக்காஹ் நாளன்று மண்டபம் நிரம்பியிருந்தது. ஆண்கள் முன்பக்கம், பெண்கள் பின்பக்கம், நடுவில் திரை. நானும் அக்காவும் திரையை ஒட்டிய நாற்காலியில் இருந்தோம். பாய்க்கு நல்ல வெள்ளைச் சட்டை போட்டு மேடைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். எங்களுக்கு ஒலிபெருக்கியில் சத்தம் மட்டும்தான். ஹஜ்ரத் ஓதினார். பிறகு பாயின் கையை மாப்பிள்ளையின் கையில் சேர்த்துவிட்டு, நிதானமாச் சொல்லுங்க, அவசரமில்லை என்றார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என் மகள்" என்று ஆரம்பித்தார் பாட்சா பாய். திடமான குரல். அங்கே இருந்த பாதிப் பேர் அவர் பேசியே ஒரு வருஷத்துக்கு மேலாகக் கேட்டிராதவர்கள். "என் மகள் ஆஸியாவை, பேசிய மஹருக்கு, உமக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்."

ஒரு தடங்கல் இல்லை. ஹ கூட சரியாக விழுந்தது.

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் ஹஜ்ரத் கையைக் காட்டி நிறுத்தினார் என்று பிற்பாடு சொன்னார்கள். மெதுவாக, மகள் பேரு நஜீபா, நஜீபாவைன்னு சொல்லுங்க என்றார். அவர் மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடியும் "ஆஸியாவை". இந்தத் தடவை தப்பு அவருக்கே தெரிந்துவிட்டது. தொடையில் அடித்துக்கொள்கிற சத்தம் மைக்கில் கேட்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், மாமியாரையே கட்டி வைக்கப் பாக்குறாரு பாய் என்றது. சிரிப்பு கிளம்பியது. அந்த வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும். பெயரை எழுதி அவனுக்குப் பெருமை சேர்க்கமாட்டேன். பெண்கள் பக்கத்திலும் சிலர் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டை ஒட்டிப் பிரித்து, நஜீபா, நஜீபா என்று சத்தமில்லாமல் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஒரு வருஷமாக ஒவ்வொரு வார்த்தையையும் இந்த முகத்தைப் பார்த்துத்தான் எடுத்தார். இப்போது நடுவில் துணி தொங்கியது. திரையைக் கிழித்துப்போடலாமா என்று எனக்கு வந்தது. ஊர்க் கல்யாணத்தில் வேற்று வீட்டுக்காரி நான், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது தடவை "என் மகள்" என்று சொல்லி நிறுத்தினார். நீண்ட நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, கெஞ்சுகிற மாதிரி, அந்தப் பெயரை மட்டும் சொன்னார். "ஆஸியா."

யாரும் சிரிக்கவில்லை. தம்பியைப் பொறுப்பாக்கட்டுமா என்று ஹஜ்ரத் கேட்டிருக்கிறார், பாய் தலையை ஆட்டியிருக்கிறார். காஜா நஜ்முதீன் அழுதுகொண்டே சொல்லி முடித்தார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். கற்கண்டும் பேரீச்சம்பழமும் பெண்கள் பக்கத்துக்கு வந்தன. நஜீபாவைப் பார்க்கப் பாயை அழைத்து வந்தபோது, மகள் "வாப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் தலையில் இடது கையை வைத்தார். வாயைத் திறக்கவில்லை.

அன்றோடு மூடிய வாய் அது. நஜீபா காரைக்காலுக்குப் போனாள். மறுவீட்டு விருந்து முடிந்தது. ஒரு "வேணாம்", ஒரு "தண்ணி" கிடையாது. சூராவைக்கூட உள்ளுக்குள்தான் ஓதினார். மதிவதனி கேட்டுவிட்டு வருத்தப்பட்டார், வலுக்கட்டாயம் செய்யவேண்டாம் என்றார். காலையில் கண்ணாடியை எடுத்து வைத்தால், அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஆனால் பயிற்சி நிற்கவில்லை. காலையிலும் சாயங்காலத்திலும் ஆ, ஊ, ப, ம எல்லாம் கேட்டது. ஒரே ஒரு குரல், அக்காவுடையது. அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அக்கா பின்னால் உட்கார்ந்து முழுசாகச் செய்து முடித்து, "ஆச்சு" என்று எழுந்துவிடுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நேரே போய்க் கேட்டேன். கல்யாணம் முடிந்துவிட்டது, சொல்லவேண்டிய வாக்கியமும் முடிந்துவிட்டது, இனிமேல் எதற்காக இது, இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று சத்தம் போட்டேன். அவர் காதிலும் விழுந்திருக்கும். என் வாய் அப்படி.

அக்கா டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி மைக்குல மூணு தடவ எம் பேரச் சொன்னாங்க டீச்சர். கடைசித் தடவ சொன்னது நிக்காஹுக்குச் சொன்னது இல்ல. வழி தெரியாம என்னயக் கூப்புட்டாங்க. நான் தெரைக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். ஒரு 'என்னங்க' சொல்ல முடியல."

இன்னொரு தடவை கூப்பிடுவார் என்றுதான் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"கூப்புடாட்டியும் பரவால்ல. கூப்புட்டா காதுல விழுற எடத்துல நான் இருக்கணும்ல."

டம்ளரில் குழலைப் போட்டு, ஜன்னலைப் பார்த்திருந்தவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அக்கா தானே ஊத ஆரம்பித்தார்.